எடைமேடை அக்காவின் முறை

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். மரியாதை அதற்குப் பின்னால் வரும். சில நாள் வராமலே போய்விடும். தன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எழுதினாலும் பலருக்குத் தெரியப்போவதில்லை. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை லாரிக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மீன் விற்பவர்களுக்கும் அவர் எடைமேடை அக்கா, அவ்வளவுதான். இப்போது மாத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலியால் சைக்கிளை விட்டுவிட்டார்.

முதலில் அவரைப் பார்த்தது ஒரு கார்த்திகை மாதம், பெருமழை விட்ட மறுவாரம். ஐப்பசி என்று என் தம்பி சாதிப்பான். ஐப்பசியில் அந்தச் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, லாரியே ஓடவில்லை, ஆகவே கார்த்திகைதான். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் பருப்பு, பட்டாணி மொத்த வியாபாரம் செய்வது. எங்கள் பட்டாணி ஏற்றிய வண்டி திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் எடைமேடைக்கு முன்னால் நின்றது. அதற்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் டிரெய்லர்கள். மூட்டைகளில் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் இறங்கி நடந்து எடைமேடையின் ஜன்னலுக்குப் போனேன். உள்ளே ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண், புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியை முன்னால் விடச் சொல்லி நான் சொன்ன கதையை முழுதாகக் கேட்டார். என் வண்டி எது என்று கேட்டார், காட்டினேன். அதற்கு முன்னால் நிற்கிற வண்டி எது என்றார், அதையும் காட்டினேன்.

“அந்த வண்டிக்காரு வந்து கேட்டா நான் இன்னா சொல்லட்டும் அண்ணாச்சி?” என்றார்.

திரும்பி நடந்தேன். பட்டாணியில் ஒரு பகுதி முளைவிட்டது.

யார்டு முதலாளியின் மைத்துனருடைய வண்டிக்கும் இதே பதில்தான் என்று பிற்பாடு அறிந்தேன். அதற்காக அவரை எடைமேடையிலிருந்து எடுத்து, பழைய காகிதங்கள் அடுக்கிய அறையில் கொஞ்ச காலம் உட்காரவைத்தார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் சொன்னவருக்கெல்லாம் வழிவிட, டிரைவர்கள் மேடைமேலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் இவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்த அன்று மைத்துனருடைய வண்டிதான் கடைசியில் நின்றதாம். அது கடைசியாகவே எடை போடப்பட்டது.

இப்படிப்பட்டவரோடு சைக்கிள் ஓட்டப் போனது என் புத்தி. எனக்கு அப்போது சர்க்கரை வந்திருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார், நடப்பது பிடிக்கவில்லை. ராயபுரத்தில் மாதா கோயில் முன்னாலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சிறு கூட்டம் எண்ணூர் வரை சைக்கிளில் போய் வருவதாக ஆரோக்கியம் சொன்னார். ஆரோக்கியம் ரயில்வேயில் ஃபிட்டர். முதல் பூசை முடித்துவிட்டு நேராகச் சைக்கிள் ஏறுகிறவர். வாய் சும்மா இருக்காது. போய்ப் பார்த்தால் கூட்டத்தை நடத்துவது எடைமேடை அக்கா. தடித்த டயர் போட்ட, மலைக்கென்று செய்த கியர் சைக்கிள் வைத்திருந்தார். சமதரையில் எதற்கு மலைச் சைக்கிள் என்று கேட்டேன். நம்ம ரோட்டைப் பார்த்துவிட்டு அப்புறம் கேளுங்கள் என்றார். டிரெய்லர்கள் தோண்டிப்போட்ட அந்தச் சாலையில் ஒரு முறை போய் வந்ததும் நானும் ஒன்று வாங்கினேன்.

அங்கேயும் ஒரு சட்டம். வாரம் ஒருவர் முன்னால் போகவேண்டும்; அவரை யாரும் தாண்டக்கூடாது. அவர் நின்றால் எல்லாரும் நிற்கவேண்டும். ஆரோக்கியம் முன்னால் போகும் வாரம் ஒவ்வொரு டீக்கடையிலும் அவருக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து ஒருவர் முன்னால் போன வாரம், மீன்கூடை சுமந்த பெண்கள் எங்களைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கால் தெம்புள்ளவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா காதில் விழாத மாதிரி கடைசியில் வந்துகொண்டிருந்தார். கடைசி இடம் மட்டும் எப்போதும் அவருடையது. பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் அவர் பையில் இருக்கும்.

அவருடைய ஊர், அங்கே ஆறு என்றே சொல்லும் எண்ணூர்க் கழியை ஒட்டிய மீனவக் குப்பம். அங்கே ‘பாடு’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. கழியில் வலை கட்டும் இடங்களை ஊர்க் குடும்பங்கள் சுழற்சியில் பங்கிட்டுக்கொள்வது. இன்று இந்த இடம் உனக்கு, நாளை எனக்கு. இதைப்பற்றிப் பழைய நூல்களிலும் நான் வாசித்திருக்கிறேன்; ஆனால் அக்கா பேசும்போதுதான் அது ஒரு நியாயமாகத் தெரிந்தது. நல்ல இடம் கெட்டிக்காரனுக்கு என்று வைத்தால் கெட்டிக்காரன் வீட்டில் மட்டும் உலை கொதிக்கும் என்பார். அவருடைய அப்பாவுக்குப் பாடு இருந்தது. பாடு கல்யாணமான ஆண்களுக்கு மட்டும். அப்பாவுக்கு மகன் இல்லை. அவர் போனதும் பாடும் போயிற்று. புருஷன் இறந்தபின் அக்கா அப்பா வீட்டுக்கே திரும்பி வந்து தனி உலை வைத்தார். இதையெல்லாம் சொல்லும்போது அவர் குரலில் குறை எதுவும் இருக்காது. குறை எனக்குத்தான் இருந்தது.

கழிக்கு அப்போது ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். காரில் வருவார்கள், சாம்பல் படிந்த கரையையும், மின்நிலையப் புகைபோக்கியையும், இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களையும் படம் எடுப்பார்கள், தண்ணீர்ப் பாட்டிலைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஒருநாள் அக்காவின் பெரியம்மா ஈரத்துணியோடு கரையேறும்போது தலைக்கு மேல் ஒரு டிரோன் பறந்தது. அன்றுதான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. வருகிறவர்கள் வரட்டும், ஆனால் ஊரைக் கேட்டு வரட்டும். கரைமேட்டில் சைக்கிள், அலையாத்திக் காட்டுக்குள் படகு, பெண்கள் கையால் சாப்பாடு. கூட்டிப் போவது ஊர் ஆள், வீட்டுக்கு வீடு முறை வைத்து. எங்கே காட்டலாம், எங்கே கூடாது என்பதை ஊர் சொல்லட்டும்.

இதேபோல மலையில் ஒரு ஊர் செய்துகொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அவரேதான். ஊர்ப் பெயரை எழுதக்கூடாது என்பது அவர்களுடைய முதல் நிபந்தனை. இடமும் நாளும் குறிக்காமல் எதையும் எழுதிப் பழகாத எனக்கு இது பெரிய தொல்லை, வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனைமலைத் தொடரில், மழைக்காட்டின் ஓரம், ஒரு பழங்குடிக் குடியிருப்பு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். போனது மார்கழி முதல் வாரம். ஆரோக்கியம், நான், இன்னும் மூன்று பேர், அக்கா. கூடவே அக்கா தன் சித்தப்பாவையும் கூட்டிவந்தார். குப்பத்தின் ஊர்த் தலைவர் அவர். திருப்பதியைத் தவிர வேறு மலை பார்த்திராதவர். அவர் சரி என்றால்தான் ஊர் சரி என்னும். எங்களுக்கு அது உல்லாசப் பயணம். அக்காவுக்கு அது பரீட்சை.

அந்த ஊரில் ஓர் இளைஞன் இருந்தான். மரம் வெட்டிய காலத்தில் லாரிக்காகப் போட்ட பழைய பாதையில் வேர்களுக்கு மேலே சைக்கிளைப் பறக்கவிடும் அவனுடைய வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் அத்தனை ஆசையோடு கிளம்பியிருந்தோம். காலையில் அவன் வாசலில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்துச் சிரித்தான். எழுந்திருக்கவில்லை. முறை அவனுடையது அல்ல. எங்களை அழைத்துப்போக வந்தவர், இடுப்பில் கத்தியும் காலில் ரப்பர் செருப்புமாக, நரைத்த தலையோடு ஒரு பெண். அவருக்குச் சைக்கிள் விடத் தெரியாது. முன்னால் நடந்தார். நாங்கள் கியர் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தோம்.

“அக்கா, நாம சைக்கிள ஓட்ட வந்தோமா, மேய்க்க வந்தோமா?” என்றார் ஆரோக்கியம்.

நான் பொறுக்கமாட்டாமல் பாதி வழியில் பேச்சை எடுத்தேன். நாளைக்காவது அந்தப் பையனை அனுப்ப முடியுமா என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. உங்களுக்கு வேண்டாமென்றால் நான் வரவில்லை, மாற்றிக்கொள்ளலாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அக்கா சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“அந்தம்மாவுக்கே வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும். நாம கேட்டதால வேணாம்னு சொல்றது வேற அண்ணாச்சி.”

அவ்வளவுதான். மறுநாளும் அந்தப் பெண்ணே வந்தார். தன் முறை இரண்டு நாள் என்று அப்போதுதான் சொன்னார்.

காட்டைப்பற்றி ஏதாவது சொல்லவேண்டும். மழை நின்றிருந்தும் இலைகள் சொட்டிக்கொண்டே இருந்தன. நடுப்பகலில் விளக்கு வைக்கும் நேரத்து வெளிச்சம். அட்டைகள் காலுறைக்குள் புகுந்தன. ஆரோக்கியம் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் திட்டினார், எல்லாம் அவருடைய மேலதிகாரிகளின் பெயர்கள். ஆவி அடங்காத யானை லத்தி கிடந்த இடத்தில் அந்தப் பெண் கையை உயர்த்தினார். அவர் கை இறங்கும்வரை மூச்சுவிடாமல் நின்றோம். கல் நட்ட ஒரு சாமி இடத்தைச் சுற்றி, காலணியைக் கழற்றி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். வளைந்து இறங்கும் ஒரே ஒரு துண்டுப் பாதையில் மட்டும் ஓட்டச் சொல்லிக் கை காட்டினார். அந்த இறக்கத்தில் நான் பிரேக்கைத் தொடவே இல்லை. அதற்குள் முடிந்துவிட்டது. மேலே தள்ளிக்கொண்டு ஏறி வந்தபோது அக்கா ஓட்டாமல் அந்தப் பெண்ணோடு பாறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். சித்தப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். எங்கள் எல்லாரிலும் சிரமப்படாதவர் அவர்தான். அவரிடம் சைக்கிள் இல்லை.

அந்தப் பேச்சு என்ன என்று திரும்பும் ரயிலில் தெரிந்தது. உங்கள் முறை உங்கள் வீட்டுக்காரர் பெயரிலா என்று அக்கா கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லையாம். முறை அடுப்புக்கு. எந்த அடுப்பில் யார் சமைத்தாலும் அந்த அடுப்புக்கு ஒரு முறை. அந்த வீட்டிலிருந்து யார் வந்தாலும் சரி. அக்கா இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பரிசு விழுந்தவர் சீட்டைப் பார்ப்பதுபோல இருந்தது அவர் முகம். அவருடைய அடுப்பும் ஓர் அடுப்புதானே.

சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். திட்டம் நல்ல திட்டம் என்றார். முறை வைப்பதும் நல்லது, ஊருக்குப் பழகியதுதான் என்றார். பாடு இருக்கிற வரிசைப்படியே வைத்துவிடலாம் என்றார்.

“அப்போ எனுக்கு சித்தப்பா?”

“நீதான பாப்பா எல்லாத்தையும் பாத்துக்கப்போற. உனுக்கு எதுக்கு முறை?”

அவர் அன்போடுதான் சொன்னார். அதுதான் தாங்கமுடியாதது.

தை கடைசியில் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடி ஒத்துக்கொண்டது. பாடு வரிசைப்படி ஆண்கள் முறை வைத்துக் கூட்டிப்போவது, சமையல் பெண்களுடையது. அடுப்புக்கு ஒரு முறை என்று அக்கா எழுந்து நின்று கேட்டிருக்கிறார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்டார், அதற்கடுத்ததிலும் கேட்டார். இந்தப் பதிலுக்கு ஊரில் தேய்மானமே கிடையாது. நாங்கள் சைக்கிள்காரர்கள் எல்லாரும் கொதித்தோம். கழியின் அந்தக் கரையிலிருந்து தனியாக நடத்துங்கள், ஆட்களை நாங்கள் கூட்டிவருகிறோம் என்றோம். ஒரு வாரம் நீங்கள் வராமல் இருந்துபாருங்கள், ஊர் தானாக வழிக்கு வரும் என்றும் சொல்லிப்பார்த்தோம்.

“அது ஊரு ஆறு அண்ணாச்சி. என்னுது இல்ல,” என்பார். வராமல் இருந்ததும் இல்லை.

வருகிறவர்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லி, சைக்கிள்களைச் சரிபார்த்து, படகுக்கு ஆள் சொல்லி, கடைசியில் பம்போடு போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன ஆண்களில் நல்லவர்களும் உண்டு. ஒருவர் வழி முழுக்கப் போனில் பேசிக்கொண்டே போவார். இன்னொருவர் பாதியில் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தூண்டில் போட உட்கார்ந்துவிடுவார். அக்கா அவர்களைத் தாண்டமாட்டார். ஹேண்டில்பாரை இறுக்கிக்கொண்டு நான் நிற்பேன்.

கடைசியாக நான் போனது பங்குனி மாதத்துக் கடைசி ஞாயிறு. ஒரு கல்லூரியிலிருந்து ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். பிடித்திருந்தால் வரும் ஆண்டு முழுவதும் மாணவர்களை அழைத்துவருவதாகப் பேச்சு. பெண்கள் விடியற்காலையிலேயே இறாலும் சோறும் ஆக்கிவைத்திருந்தார்கள். விடியும் நேரத்தில் முகத்துவாரத்துக்கு வெளியே நெத்திலி கூட்டமாக வந்திருப்பதாகச் சேதி. கரையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஃபைபர் படகுகளை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்கள். அன்று முறை உள்ளவரும் போய்விட்டார், அடுத்த முறைக்காரரும் போய்விட்டார். வயதால் கடலுக்குப் போகாத சித்தப்பா மட்டும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரைமேட்டுக்கு வந்தார். ஆசிரியர்கள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“இன்னிக்கு நீயே கூட்டிகினு போயேன் பாப்பா,” என்றார் சித்தப்பா.

எனக்கு உள்ளே குளிர்ந்தது. கடைசியில் ஊர் வாயால் வந்துவிட்டது. அக்கா சைக்கிளிலிருந்து இறங்கினார்.

“என் முறையா சித்தப்பா?”

அவர் துண்டை மற்றத் தோளுக்கு மாற்றினார். “ஆள் இல்லியேம்மா. இன்னிக்கு ஒரு நாளிக்கித்தான்.” அது அவருக்கு ஆறுதலாகத் தோன்றியிருக்கவேண்டும்.

அக்கா பம்பை எடுத்துப் பைக்குள் வைத்து வாரை மாட்டினார். ஆசிரியர்களிடம் போய், இன்று கூட்டிப்போக முறை உள்ளவர் இல்லை, சாப்பாடு தயாராக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிழலில் உட்காரவைத்து இலை போட்டு அவரே பரிமாறினார். சமைத்த பெண்களில் ஒருத்தி, அக்காவின் சொந்தப் பெரியப்பா மகள், எல்லார் காதிலும் விழும்படி பேசினாள். வீம்பு பிடித்தவள் ஒருத்தியால் ஊரே பேஜாராக வேண்டியிருக்கிறது, இனி இவர்கள் திரும்பி வருவார்களா, வந்தாலும் எவள் சமைப்பாள் என்றாள். அக்கா அவள் இலையிலும் இறால் வைத்தார். ஆசிரியர்கள் நன்றி சொல்லி வேனில் ஏறினார்கள். அவர்கள் மறுபடி வரவில்லை.

வேன் திரும்பியதும் நான் வெடித்தேன். இத்தனை காலமாகக் கேட்டது கைக்கு வந்தபோது தட்டிவிட்டீர்கள் என்றேன். இன்று முன்னால் போயிருந்தால் ஊர் கண்ணால் பார்த்திருக்கும், அடுத்த கூட்டத்தில் யாரும் வாயைத் திறந்திருக்கமாட்டார்கள் என்றேன். ஒரு கல்லூரியே கையைவிட்டுப் போயிற்று என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அக்கா இலைகளை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

“இன்னிக்கு நான் போய்ட்டேன்னு வெச்சிக்கோ. அப்புறம் நான் யாரு? ஆள் இல்லாதப்போ போற ஆளு. சாவறவரிக்கும் அதான். எனுக்கு அது வேணாம் அண்ணாச்சி. எல்லா ஆம்பளையும் கரையில குந்திகினு இருக்கணும். அப்பவும் என் முறைன்னு நான் போவணும்.”

எனக்கு இன்னும் எரிச்சல் இருக்கிறது. அவர் சொன்னது சரி என்று தெரியும். சரி என்பதால் எரிச்சல் தணிந்துவிடுவதில்லை.

அக்கா கை கழுவிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். சித்தப்பா கரைமேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். கூட்டம் கலைந்தபின் மெல்லப் பக்கத்தில் வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் யாரோ கேட்டிருக்கிறார்களாமே, நீ வருவாய்தானே என்று கேட்டார்.

“நான் வருவேன் சித்தப்பா. கடைசில வருவேன். முன்னாடி போறது யார் முறைன்னு உனுக்குத்தான தெரியும், நீ சொல்லு.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். முகத்துவாரத்தின் பக்கம் பார்த்தார். அக்கா அவர் பதிலுக்காகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.